அகதிகள் ஆய்வுக்குச் சிங்கப்பூரிலிருந்து கிளம்புமுன்: தாள், காசு, காலம்

அகதிகளைப் பற்றியும் கட்டாயப் புலப்பெயர்வு பற்றியும் ஆராய வேண்டும் என்று இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். தலைப்பு ஓரளவு முடிவாகிவிட்டது. அடுத்து என்ன என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு எழுது என்பார் ஒருவர். முதலில் விசாவைப் பார் என்பார் இன்னொருவர். சும்மா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா, தமிழ்தானே பேசப் போகிறாய் என்பார் மூன்றாமவர்.

மூன்றாமவர் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். தமிழ் பேசினால் தமிழ்நாட்டு அகதி முகாமில் கதவு சீக்கிரம் திறக்கும், தேநீர் வரும், கதையும் வரும். அனுமதித் தாள் அந்த வேகத்தில் வராது. தாள் வருமுன் பேசிவிட்டால் சிக்கல் உங்களுக்கு இல்லை. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். பேசியவர் அங்கேயே இருப்பார். வந்தது யார், என்ன கேட்டார்கள் என்று தமிழ்நாட்டுக் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவுக் காவலர் விசாரிக்கும்போது அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அல்லாடித் திரிந்த பிறகுதான் எது முதலில், எது அப்புறம் என்பது எனக்குப் பிடிபட்டது. அந்த வரிசையை இங்கே தருகிறேன். தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழ் அகதி முகாம்களை வைத்துத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். இங்குள்ள தமிழ் மாணவர்கள் பலருக்கும் முதலில் தோன்றும் களம் அதுதான்.

1. களத்தை முடிவு செய்யுங்கள். கேள்வியைப் பிறகு கூராக்கலாம்

1951 அகதிகள் உடன்படிக்கையில் சிங்கப்பூர் சேரவில்லை. செம்பவாங் வட்டாரத்தில் வியட்னாமிய அகதிகளுக்கு இருந்த ஹாக்கின்ஸ் ரோடு முகாம் 1978இல் தொடங்கி 1996இல் மூடப்பட்டது. ஆகவே இங்கே முகாமும் இல்லை, அகதி என்று பதிவு பெற்று வாழ்பவர்களும் இல்லை. வெளிநாட்டு ஊழியர்களைப் பேட்டி எடுத்துவிட்டு அதை அகதிகள் ஆய்வு என்று சொல்ல முடியாது. அது வேறு துறை, அதற்கு வேறு சட்டங்கள்.

மிஞ்சுவது மூன்று வழி. வெளிநாட்டுக் களம், காணொளி வழியாகப் பேட்டி, ஆவணங்களை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வு. ஓராண்டு முதுகலை என்றால் மூன்றாவதையே எடுங்கள். வெளிநாட்டுக் களத்துக்குத் தாள் வேலை மட்டும் அரை ஆண்டைத் தின்றுவிடும்.

இந்தியா, இலங்கை, மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பங்களாதேஷ் எவையும் 1951 உடன்படிக்கையில் இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். இந்த நாடுகளில் அகதியின் நிலை அரசாணையையும் அதிகாரியின் முடிவையும் பொறுத்தது. உங்கள் அனுமதியும் அப்படித்தான்.

2. ஆவணத்தில் கிடைப்பதை ஆளிடம் கேட்காதீர்கள்

முப்பது ஆண்டுகளாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படகில் வந்த கதையைச் சொல்லி அலுத்துப்போனவர்கள் முகாம்களில் நிறையப் பேர். எழுத்தில் இருப்பதை முதலில் படித்துவிடுங்கள். செலவு அநேகமாக எதுவும் இல்லை.

விக்டோரியா ஸ்திரீட் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்துக்குச் சென்றால் தென்கிழக்காசியத் தொகுப்பு கைக்கெட்டும். தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களும் மின்வடிவில் உள்ளன. ஆங்கில நாளிதழ்கள் ஒரு பத்தியில் முடித்த செய்தியைத் தமிழ் முரசு விரித்து எழுதியிருக்கிறதா என்று கூடவே பாருங்கள். கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் கிடைக்கும். ஆனால் எல்லாவற்றையும் உடனே கேட்டுவிட முடியாது. சிலவற்றுக்கு எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும். செமஸ்டர் முடியும் நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

ஈழத்தமிழர் தொடர்பான தமிழ் ஆவணங்களுக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தை விட்டால் வேறு நாதியில்லை. சிறு பத்திரிகை, துண்டறிக்கை, நினைவு மலர் என்று வேறெங்கும் கிடைக்காதவையெல்லாம் அங்கே இலவசமாகக் கிடைக்கும். தமிழ்நாட்டு முகாம்களைப் பற்றிப் படிக்க, சென்னையில் 1984 முதல் இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் வெளியீடுகளையும் தேடிப் பிடியுங்கள்.

எண்ணிக்கை விஷயத்தில் ஒரு பொறி. ஐ.நா. அகதிகள் முகமை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் உலகக் கணக்கை வெளியிடும். 2024 முடிவில் கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் 12.32 கோடி. இதை அப்படியே எடுத்து “உலகில் 12 கோடி அகதிகள்” என்று எழுதிவிடுகிறார்கள். அதில் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் 7.35 கோடி; அகதிகள் 4.27 கோடி. முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே இந்தப் பிழை இருந்தால் அதற்கு மேல் யாரும் நம்பிப் படிக்க மாட்டார்கள்.

3. நெறிமுறைக் குழு விண்ணப்பம்

எல்லோரும் ஐஆர்பி என்று சொல்வது இதைத்தான். அதற்கு முன்பே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஓர் இணையப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் காட்டச் சொல்லும். கட்டணம் இல்லை, ஒரு வார இறுதி போதும். இதை இன்றே முடித்துவிடுங்கள். மேற்பார்வையாளரும் முடித்திருக்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. அவருடைய சான்றிதழ் காலாவதியாகி, அதற்காகவே உங்கள் விண்ணப்பம் காத்துக் கிடக்கலாம். நாசூக்காக ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக்குழுப் பரிசீலனை என்று மூன்று நிலை இருக்கும். அகதிகள் எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக் கூடியவர்கள் என்பதால் உங்களுடையது முழுக்குழுவுக்குப் போகும் என்றே கணக்கு வையுங்கள். குழு தினமும் கூடாது. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டும். கேள்வி வரும், பதில் எழுத வேண்டும், அதற்கும் மறுகேள்வி வரும். மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், கேள்விப் பட்டியல், தகவல் தாள், ஒப்புதல் படிவம், இவை எல்லாவற்றின் தமிழ் வடிவம், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழி, களத்தில் உதவியாளர் வைத்தால் அவருடைய ரகசியக் காப்பு உறுதிமொழி, பேட்டியின் நடுவே ஒருவர் உடைந்து அழுதால் என்ன செய்வீர்கள் என்ற குறிப்பு, பதிவுகளை எங்கே எப்படி வைப்பீர்கள் என்ற திட்டம். கடைசி இரண்டையும் ஒற்றை வரியில் எழுதி அனுப்பினால் கட்டாயம் திரும்பி வரும். எந்த ஊரில், எந்த மனநல ஆலோசகரிடம் அல்லது எந்த அமைப்பிடம் அனுப்புவீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். சிங்கப்பூர்த் தொலைபேசி எண் ஒன்றைக் கொடுத்து வைப்பதால் ராமேசுவரத்துக்காரருக்கு ஒரு பயனும் இல்லை.

கையெழுத்து விஷயத்தில் விடாப்பிடியாக இருங்கள். காவல் நிலையத்திலும் அரசு அலுவலகத்திலும் வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்டவர்கள் புதிதாக ஒரு தாளைக் கண்டால் அஞ்சுவார்கள். அந்தத் தாளே பின்னாளில் அவர் பேசினார் என்பதற்குச் சாட்சியாகவும் ஆகிவிடும். வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி கேளுங்கள், காரணத்தை எழுதுங்கள். காரணம் தெளிவாக இருந்தால் குழுக்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. கட்டாயப் புலப்பெயர்வு ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2018இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறைக் கோவையை மேற்கோள் காட்டினால் வாதத்துக்குப் பலம் சேரும்.

தமிழ்ப் படிவம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “பங்கேற்பாளர் எவ்வித அபராதமுமின்றி எந்நேரத்திலும் ஆய்விலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையுடையவர்.” அபராதம் என்ற சொல்லைக் கேட்டதும் எதிரே இருப்பவர் முகம் மாறிவிடும். வாயால் சொல்ல வேண்டியது வேறு: “நான் அரசாங்க ஆள் இல்லை, ஐ.நா. ஆளும் இல்லை. பிடிக்காவிட்டால் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டாம். பேசினாலும் பேசாவிட்டாலும் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடைக்கோ உங்கள் பதிவுக்கோ ஒன்றும் ஆகாது. வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்க என்னால் முடியாது.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். “இதைச் சொன்னால் வெளியில எடுப்பினமோ, தம்பி?” என்ற கேள்வி வராத முகாமே இருக்காது. கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவதுதான் மரியாதை. இந்தப் பேச்சு வடிவத்தையும் குழுவுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் களத்தில் படிவத்தைத்தான் வாசித்தாக வேண்டும்.

அப்புறம் பணம். மணி நேரப் பேட்டிக்கு 20 வெள்ளி கொடுப்பது இங்கே சாதாரணம். தமிழ்நாட்டு முகாமில் 2021இல் உயர்த்தப்பட்ட மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. உங்கள் 20 வெள்ளி ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு மாதப் பணக்கொடை என்றால் வேண்டாம் என்று யார் சொல்வார்? அது ஒப்புதலே ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரை ஏன் கூப்பிடவில்லை என்ற பூசலும் கிளம்பும். ஒரு நாள் கூலியை இழந்து வந்தால் அந்தக் கூலி, பேருந்துக் காசு, அவ்வளவு போதும். இந்தக் கணக்கை விண்ணப்பத்திலேயே போட்டுக் காட்டுங்கள்.

4. நாட்டு அனுமதியும் விசாவும்: நெறிமுறைக் குழுவோடு சேர்த்தே தொடங்குங்கள்

ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று இருந்தால் ஆண்டு போய்விடும். நெறிமுறைக் குழு களத்தின் அனுமதிக் கடிதத்தைக் கேட்கும். அங்குள்ள அலுவலகம் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலைக் கேட்கும். முடிச்சை அவிழ்க்க ஒரு வழி உண்டு. அனுமதிக் கடிதம் கிடைத்த பிறகே களத்தில் இறங்குவேன் என்ற நிபந்தனையோடு ஒப்புதல் தரும்படி குழுவிடம் கேளுங்கள். அந்த ஒப்புதலைக் காட்டி அங்கே விண்ணப்பியுங்கள்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் இந்தியாவுக்குச் சுற்றுலா மின்விசாவில் போய் ஆய்வு செய்யக் கூடாது. ஆய்வு விசா வேண்டும். அதற்கு இந்தியாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகம் அல்லது ஆய்வு நிறுவனத்தின் இணைப்புக் கடிதம், ஆய்வுத் திட்டச் சுருக்கம், பணத்துக்கான ஆதாரம் ஆகியவை தேவை. இணைப்புக் கடிதம்தான் இழுத்தடிக்கும். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டாலும் பதிவாளர் மேசையில் தூங்கும். அங்கே நேரில் போய் நிற்க ஒருவர் இருந்தால் நல்லது. விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால் போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும்.

இங்கே பலர் விழும் குழி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை. “என்னிடம் ஓசிஐ இருக்கிறது, எனக்கு எதற்கு விசா?” விசா வேண்டாம்தான். ஆனால் 2021 மார்ச்சில் வந்த அறிவிக்கையின்படி, ஓசிஐ அட்டைதாரர் ஆய்வு செய்யச் சிறப்பு அனுமதி பெற வேண்டும். தூதரகத்திலோ இந்தியாவில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலோ அதற்கு விண்ணப்பிக்கலாம். உறவினர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி முகாமுக்குள் நுழைந்தால் அட்டையே போகும் அபாயம் உண்டு. மாணவர் அனுமதியில் இங்கு படிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு விசாக் கவலை இல்லை. அடுத்து வரும் மாநில அனுமதி மட்டும் தேவை.

மாநில அனுமதிக்குச் சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்துக்கு எழுத வேண்டும். 2021 முதல் முகாம்களின் அதிகாரப்பூர்வப் பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். கடிதத்தில் இந்தப் பெயரையே எழுதுங்கள். எந்த மாவட்டம், எந்த முகாம், எத்தனை நாள், யார் யாரிடம், என்ன கேள்விகள் என்று தமிழிலேயே இரண்டு பக்கத்தில் எழுதி, கேள்விப் பட்டியலை இணைத்து அனுப்புங்கள். “தமிழ்நாட்டு முகாம்கள் அனைத்தும்” என்று கேட்டால் கோப்பு நகராது. இரண்டு முகாம் கேளுங்கள். அங்கிருந்து மாவட்ட ஆட்சியருக்கும், பிறகு முகாமைக் கவனிக்கும் வருவாய் ஆய்வாளருக்கும் தாள் இறங்கி வர வேண்டும். தேர்தல் அறிவித்துவிட்டால் முடிவுகள் வரும்வரை யாரும் உங்கள் கோப்பைத் தொட மாட்டார்கள். அந்த மாதங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எந்த முகாம் என்று தேர்ந்தெடுக்கும்போது கவனம். திருச்சி கொட்டப்பட்டு முகாம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வசதிதான், அதனாலேயே வருகிற ஆய்வாளர்களும் அங்கேதான் இறங்குவார்கள். அதே ஊரில் உள்ள சிறப்பு முகாம் வேறு, அது தடுத்துவைக்கும் இடம். இரண்டையும் குழப்பி விண்ணப்பித்தால் உங்கள் மீதே சந்தேகம் வரும். இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது, 2022 மார்ச் முதல், கடல் வழியாக வந்தவர்கள் மண்டபம் முகாமில் வைக்கப்பட்டார்கள். அகதி என்று பழையவர்களுக்கு உள்ள ஏற்பு அவர்களுக்கு இல்லை. முதல் ஆய்வுக்கு அது வேண்டாம்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலேசியாவுக்குக் காலையில் பேருந்து ஏறினால் மதியம் கோலாலம்பூர். அந்த வசதியே பொறி. வெளிநாட்டு ஆய்வாளர் பொருளாதார அமைச்சின் ஆய்வு அனுமதி பெற வேண்டும். அங்கே அகதிகள் சட்டப்படி வேலை செய்ய முடியாது, கையில் ஐ.நா. அட்டை இருந்தும் பிடிபடுகிறவர்கள் உண்டு. ஆகவே வேலையிடத்தில் பேட்டி எடுக்கவே கூடாது. தாய்லாந்துக்கு அதன் தேசிய ஆராய்ச்சி மன்றமும், இந்தோனேசியாவுக்கு பிரின் எனப்படும் ஆராய்ச்சி முகமையும், பங்களாதேஷில் காக்ஸ் பஜாரின் ரோஹிங்யா முகாம்களுக்கு அங்குள்ள அகதிகள் நிவாரண ஆணையர் அலுவலகமும் அனுமதி தர வேண்டும்.

5. காலக்கணக்கு

தமிழ்நாட்டில் ஜூன், ஜூலை நல்ல மாதங்கள். இங்கே விடுமுறை, அங்கே கத்திரி வெயில் முடிந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஒழுகும் கூரைக்குக் கீழே ஒலிப்பதிவுக் கருவியை நீட்டிக்கொண்டு உட்காராதீர்கள். ஜூனில் போக வேண்டுமானால் முந்தைய அக்டோபரில் இணைப்புக் கடிதத்தைத் தொடங்குங்கள். டிசம்பருக்குள் நெறிமுறை விண்ணப்பம் போய்விட வேண்டும், மார்ச்சில் விசா.

6. செலவு

திருச்சி, சென்னை, மதுரை மூன்றுக்கும் நேரடி விமானம் உண்டு. விலை தேதியைப் பொறுத்தது. ஜூன் பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தைத் தவிர்த்தாலே கணிசமாகக் குறையும். இது உண்மையில் சின்னச் செலவு.

பெரிய செலவு எழுத்தாக்கம். ஒரு மணி நேரத் தமிழ் ஒலிப்பதிவை எழுத்தில் கொண்டுவர ஐந்தாறு மணி நேரம் ஆகும். யாழ்ப்பாணப் பேச்சுக்குப் பழகாத காது என்றால் இன்னும் கூடும். இருபது பேட்டிக்கு 100 முதல் 120 மணி. மணிக்கு 15 வெள்ளி வைத்தாலும் 1,500 முதல் 1,800 வெள்ளி. களப்பணி நிதிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வரியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். முகாமிலேயே ஆள் பிடித்துச் செய்தால் மலிவு என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பேசியதை அவர் கேட்கக் கூடாது.

ஆட்டோக்காரர் ரசீது தர மாட்டார். தேதி, இடம், தொகை எழுதி நீங்களே கையெழுத்திடும் தாளைத் துறை ஏற்குமா என்று போகுமுன் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகப் பயணக் காப்பீட்டுக்குப் பயணத்தை முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

7. களத்தில்

முகாம் ஆண்கள் பலர் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். வார நாளில் போனால் பெண்களும் முதியவர்களும் மட்டுமே கிடைப்பார்கள். பிறகு உங்கள் ஆய்வும் அப்படியே சாயும். ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்துத் திட்டமிடுங்கள். அதிகாரிகள் பெயர் சரிபார்க்க வரும் நாளில் போகாதீர்கள்.

போனதும் முகாம் தலைவரைப் பாருங்கள், அனுமதிக் கடிதத்தின் நகலைக் கொடுங்கள். ஆனால் யாரைப் பேட்டி எடுக்கலாம் என்ற பட்டியலை அவரிடம் வாங்காதீர்கள். வாங்கினால் யார் பேசினார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். வீடுகள் நெருக்கமாக இருக்கும், பத்தடி தள்ளிப் பேசினாலும் பக்கத்து வீட்டில் கேட்கும். கோயில் திண்ணை, தேவாலய வளாகம் என்று அவர்களே சொல்லும் இடத்தில் பேசுங்கள். எந்தப் படகில், யார் உதவியுடன், எவ்வளவு கொடுத்து வந்தார்கள் என்று கேட்காதீர்கள். அனுமதியின்றி வந்தவர்களை இந்தியச் சட்டம் சட்டவிரோதக் குடியேறிகள் என்றே வகைப்படுத்தி வந்திருக்கிறது. அவர்களே சொன்னாலும் கருவியை நிறுத்துங்கள்.

8. பதிவுகளைக் காப்பது

ஒலிப்பதிவை அன்றிரவே மறையாக்கிய (கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாத) வட்டுக்கு மாற்றிவிட்டுக் கருவியில் அழித்துவிடுங்கள். பெயர்ப் பட்டியலும் பதிவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. 2012 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பல்கலைக்கழகத்தின் தரவு விதியும் உங்களைக் கட்டுப்படுத்தும். இலவசமாக எழுத்தாக்கித் தரும் செயலிகளில் பேட்டியைப் போடாதீர்கள். ஒலி எந்த நாட்டுக் கணினியில் தங்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

பெயரை மாற்றினால் மட்டும் போதாது. “இரண்டு பெண்பிள்ளைகள், கணவர் கனடாவில், முகாமில் டியூஷன் எடுப்பவர்” என்று எழுதினால் இருநூறு குடும்பம் உள்ள முகாமில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஊர், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் குறைந்தது இரண்டையாவது கலைத்துவிடுங்கள்.

9. திரும்பி வந்த பிறகு

முகாமைப் பார்த்துவிட்டு வந்த கையோடு நண்பர்களிடமும் கோயிலிலும் நிதி திரட்டத் தோன்றும். வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. ஆய்வு முடியும்வரை அந்த வேலையே வேண்டாம் என்பேன். பேசியவர்களுக்குப் பிறகு பணம் போனால் உங்கள் ஒப்புதல் படிவம் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

கேள்வியை மாற்றினாலும் முகாமை மாற்றினாலும் நெறிமுறைக் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் போட்டு, ஒப்புதல் வந்த பிறகே பயன்படுத்துங்கள். ஒப்புதலுக்குக் காலாவதித் தேதி உண்டு. ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும்போது அது கடந்து போகும், நாட்காட்டியில் இரண்டு மாதம் முன்பே குறித்து வையுங்கள். தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி ஆணையரகத்துக்கும் முகாமுக்கும் அனுப்புங்கள். அடுத்து வரும் மாணவருக்கு அதே அலுவலகம் கதவைத் திறக்க அது உதவும். கடைசியாக நிறைவு அறிக்கை. ஒரு பக்கம்தான். அதை அனுப்பாமல் விட்டால் கோப்பு திறந்தே கிடக்கும், உங்கள் அடுத்த விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் நாளில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.